ஒரு சாண் பித்தளை முகம்

செப்டம்பர் 20, வெள்ளி

என் வீட்டுக் கூடத்துச் சுவரில் இருந்த கஜலட்சுமியை என்னைக் கேட்காமல் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். நடந்த அநியாயம் இது. முதல் வரியிலேயே எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாரும் வந்து, பெரியவர் எங்கேயோ வைத்துவிட்டு மறந்துபோனார் என்று மாற்றிப் பேசக் கூடாது.

விவரம்: உயரம் மூன்றடி, அகலம் இரண்டடி, எடை பதினெட்டு கிலோ. பலகை தேக்கு. தாமரையும் இரண்டு பக்கத்து யானைகளும் அதே பலகையில் செதுக்கியவை. அம்மனின் முகம், நான்கு கைகள், பாதங்கள் மட்டும் பித்தளை வார்ப்பு. முகம் ஒரு சாண். எல்லாவற்றையும் பின்பக்கத்திலிருந்து திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறேன். முன்னால் நின்று பார்த்தால் ஓர் ஆணித்தலை தெரியாது. முகத்தில் இடது புருவத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். வார்ப்பில் காற்று அடைத்து வந்த குறை அது. அடையாளத்துக்காகச் சொல்கிறேன்.

செய்தவன் நான். யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. பம்ப் கம்பெனி பவுண்டரியில் முப்பத்தாறு வருஷம் பேட்டர்ன் வேலை பார்த்தேன். நாங்கள் மரத்தில் உருவம் செய்து கொடுப்போம். அதை மண்ணில் பதித்து எடுத்து, அந்தக் குழியில் இரும்பை ஊற்றுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் இரண்டரை வருஷம் உட்கார்ந்து இந்த அம்மனைச் செய்தேன். ஒரு ஸ்தபதி வந்து பார்த்துவிட்டு, "அளவெல்லாம் சாஸ்திரப்படி இல்லீங்களே, மொகம் மனுச மொகமாட்ட இருக்குது" என்றார். காபி கொடுத்து அனுப்பி வைத்தேன். நான்கு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் என் கையால் மாலை போட்டு வருகிறேன்.

ஆயுத பூசைக்கு முன் வெள்ளையடிக்க ஏற்பாடு செய்திருந்தோம். எனக்குத் தூசி ஆகாது. "மூணு நாள் ஓசூர்ல பூபதி வீட்டுல இருந்துட்டு வாங்க" என்று மயிலாத்தாள்தான் மகன் வீட்டுக்கு அனுப்பி வைத்தாள். இன்று காலை பஸ் ஸ்டாண்டில் வாங்கிய மாலையோடு வந்து பார்த்தால் சுவர் வெறுமையாக இருக்கிறது.

"பெயின்டருங்க கழட்டி வெச்சாங்க. பொறவு நான் பாக்கலீங்க" என்றாள் மயிலா. நாற்பத்திரண்டு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள். பதினெட்டு கிலோ சாமியைப் பார்க்கவில்லையாம்.

செப்டம்பர் 21, சனி

பெயின்டர் கதிரவன் வீட்டுக்குப் போனேன். குளித்துக்கொண்டிருந்தவனை வெளியே வரச் சொன்னேன். ஈரத் துண்டோடு வந்து நின்றான்.

"ஏனுங்கய்யா, பதினெட்டு கிலோ சாமியத் தூக்கிட்டு என்ற ஓட்ட டிவிஎஸ்ஸுல போயிருந்தா ஊரே பாத்திருக்காதுங்களா?"

"பாத்தவன் வந்து சொல்லுவானா?"

"எதுக்கும் ஊட்ல ஒருக்கா கேட்டுப் பாருங்க."

"கேட்டாச்சு."

"இன்னொருக்கா கேளுங்கய்யா. நாஞ் சொன்னா நல்லாருக்காது."

உள்ளே அவன் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. குற்றவாளி வீட்டில்தான் இப்படிச் சிரிப்பார்கள். இன்னும் மாடிப்படி வெள்ளையடிக்க வேண்டும். அவன் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

சுவரில் நான்கு போல்ட்டும் அப்படியே இருக்கின்றன. நான்கு நட்டுகளையும் கழற்றி, ஒரு கிண்ணத்தில் போட்டு, மேலே தட்டு மூடி அலமாரியில் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பொறுப்பான திருடனை நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

தண்ணீர் காலை ஐந்தேமுக்காலுக்கு வந்து ஏழுக்கு நின்றது. தொட்டி நிறைந்தது. கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். பிளட் பிரஷர் மாத்திரை இன்னும் பதினைந்து நாளைக்கு இருக்கிறது.

மயிலா சூலூருக்கு அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் போகிறாள். அக்காவுக்குப் பல் இல்லையாம், அதனால் கஞ்சி. காரம் ஆகாதாம், அதனால் மிளகு போடாத ரசம். டிபன் கேரியரோடு ஒரு மாற்றுப் புடவையும் பையில் வைத்துக்கொண்டு போகிறாள். திரும்பி வரும்போது புடவையில் ஆஸ்பத்திரி பினாயில் வாசம். அக்கா வீட்டில் தரை துடைக்கப் பினாயில் அதிகம் ஊற்றுகிறார்கள் போலிருக்கிறது. இது என் விஷயம் இல்லை. என் விஷயம் அம்மன்.

செப்டம்பர் 25, புதன்

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். மனு இரண்டு பக்கம், படம் வரைந்து அளவு குறித்து எழுதியிருந்தேன். எழுத்தர் பொறுமையாகப் படித்தார்.

"பழைய சிலைங்களா?"

"நாலு வருசம்."

"கோயில் சாமிங்களா?"

"இல்ல. நானே செஞ்சது. வீட்டுச் சுவத்துல மாட்டறது."

"அப்பறமென்னங்க பெரியவரே, இன்னொண்ணு செஞ்சுக்குங்க."

பக்கத்து மேசையில் இருந்தவர், "எங்க ஊட்டுக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க, இந்த மனுவ நானே எடுத்துக்கறேன்" என்றார். மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதில் எழுதிய அளவுகள் எனக்கு வேண்டும்.

செப்டம்பர் 27, வெள்ளி

வழக்கம்போல் மாலை வாங்கப் போனேன். அம்மன் இல்லாவிட்டாலும் வெள்ளிக்கிழமை இருக்கிறதே. பூக்கார ராசாமணி என்னைப் பார்த்ததும் கூடையை இழுத்து மூடினாள்.

"உங்களுக்கு இல்லீங்க."

"ஏன், காசு குடுக்காம ஓடிட்டனா?"

"அம்மா வந்து சொல்லிட்டுப் போனாங்க. அவருக்கு இனி மாலை கட்டாதே ராசாமணி, ஒம் பொழப்புக்கு நான் வேற வழி பண்றேன்னாங்க. எனக்கு எதுக்குங்க உங்க ஊட்டுச் சண்டை?"

"எப்ப சொன்னா?"

"போன வாரம் புதங்கெழமைங்க. அன்னிக்குத்தான் ஆட்டோவுல போர்வை சுத்தி என்னமோ பெருசா வெச்சுட்டு வாய்க்கா மேட்டுப் புள்ளையார் கோயிலுக்குப் போனாங்க. நாங்கூட, அம்மாவுக்கு வந்த பலத்தப் பாரு, ஆட்டோக்காரனையும் சேத்துத் தூக்கிருவாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

நேராக அங்கே போனேன். கோயிலுக்குப் பின்னால் அரசமரம். வீட்டில் உடைந்துபோன சாமி படங்களைக் குப்பையில் போட மனம் வராதவர்கள் கொண்டுவந்து சாத்தி வைக்கிற இடம். கண்ணாடி விரிந்த முருகன், கரையான் தின்ற ராமர் பட்டாபிஷேகம், போன வருஷத்து நாள்காட்டி லட்சுமிகள், கை போன பிள்ளையார் பொம்மைகள். நல்ல நிலையில் இருக்கிற சாமியை இங்கே யாரும் வைப்பதில்லை. பின்னமானதைத்தான் வைப்பார்கள்.

என் பலகை மரத்துக்கு மறுபக்கம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டு யானைகளும் தும்பிக்கையைத் தூக்கி நின்றன. நடுவில் அம்மன் இல்லை. முகம் இருந்த இடத்தில் குழி, கைகள் இருந்த இடத்தில் நான்கு குழி. பித்தளையை மட்டும் கழற்றியிருக்கிறார்கள். நெம்பவில்லை, பின்னாலிருந்து முறையாகத் திருகி எடுத்திருக்கிறார்கள். வேலை தெரிந்த ஆள்.

ஆட்டோவில் பலகையை மட்டும் கொண்டுவந்தேன்.

செப்டம்பர் 28, சனி

இந்தப் பக்கத்தை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பவுண்டரியில் கெட்டுப்போன வார்ப்பையும் புத்தகத்தில் ஏற்ற வேண்டும் என்பது விதி. ஏற்றுகிறேன்.

காலையில் கேட்டேன். மயிலா கீரை ஆய்ந்துகொண்டே பதில் சொன்னாள்.

"நாந்தானுங்க கொண்டுபோய் வெச்சேன்."

"எதுக்கு?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியாமத்தான கேக்கறேன்."

"நாலு வருசமா வாராவாரம் எம் புள்ள மூஞ்சிக்கு மாலை போடறீங்க. செத்தவங்க போட்டோவுக்குத்தான் மாலை போட்டு வெளக்கு வெப்பாங்க. உசுரோட இருக்கறவளுக்குப் போடுவாங்களா?"

"அது மகாலட்சுமி."

"மகாலட்சுமிக்குப் புருவத்துல வெட்டு எதுக்குங்க? பழைய ஊட்ல ஊஞ்சச் சங்கிலி அடிச்சு மூணு தையல் போட்ட வெட்டு அது. முந்தானையில ரத்தத்த அமுக்கிட்டு ஓடுனவ நானு. எனக்குத் தெரியாதுங்களா?"

"வார்ப்புல வந்த கொறை."

"ஆமாங்க. உங்க கைக்கு எல்லாமே கொறையாத்தான் வரும்."

பிறகு கீரையை விட்டுவிட்டுப் பேசினாள். "ஆறு மாசமா ஆஸ்பத்திரியில கெடக்கறா. மொதல்ல மார்ல கட்டின்னாங்க. இப்ப எலும்புக்குப் போயிருச்சுங்கறாங்க. அங்க டாக்டரு மருந்து ஏத்தறாரு. இங்க நீங்க மாலை ஏத்தறீங்க. தல முழுகுனதும் நீங்க, மாலை போடறதும் நீங்க. நடுவுல அவ இன்னும் உசுரோட இருக்கறாளுங்க."

எழுந்து மாடிக்குப் போய்விட்டேன்.

படிக்கிறவர்களுக்காக ஒரு விளக்கம். எனக்கு ஒரு பெண் இருந்தாள். கோகிலவாணி. பதினோரு வருஷத்துக்கு முன், நான் பார்த்த மாப்பிள்ளையோடு நிச்சயம் முடிந்த மறுநாள், கூட வேலை பார்த்த ஒருவனோடு போய்விட்டாள். அன்றே கிணற்றடியில் உட்கார்ந்து மூன்று குடம் தண்ணீர் ஊற்றித் தலை முழுகினேன். செத்தவர்களுக்குச் செய்வதுபோல. அதோடு அந்தக் கணக்கு முடிந்தது. அம்மனை அதற்குப் பிறகு நான்கு வருஷம் கழித்துத்தான் செய்ய ஆரம்பித்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. எந்தப் படத்தையும் பார்த்துச் செய்யவில்லை. கை போன போக்கில் வந்த முகம்.

இன்றிலிருந்து மயிலாவோடு பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். மதியம் கீரைக் கடைசல் நன்றாக இருந்தது. அதையும் சொல்லவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

பித்தளையைத் தேடிப் போனேன். காந்திபுரம் வரை ஏழு பழைய இரும்புக் கடை. ஆறாவது கடையில் ஒத்துக்கொண்டார்கள்.

"வந்துச்சுங்க. எவனோ மரத்தடியில கெடந்துச்சுன்னு கொண்டாந்தான். சாமி கை நாலு, கால், மூஞ்சி ஒண்ணு. நல்ல மஞ்சப் பித்தளை."

"மூஞ்சி எங்க?"

"சனிக்கெழமையே லோடு போயிருச்சுங்க. உருக்கியிருப்பாங்க."

"அந்த மூஞ்சிய நீ பாத்தயா?"

"நாங்க மூஞ்சியெல்லாம் தனியா பாக்கறதில்லீங்க. எடைதான்."

அக்டோபர் 3, வியாழன்

கொலு தொடங்கிவிட்டது. எதிர்வீட்டில் பாட்டு. நான் மாடிக்குப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்தேன். கை, பாதங்களின் பேட்டர்ன்களோடு முகத்தின் மரப் பேட்டர்னும் பத்திரமாக இருக்கிறது. வேப்பிலை போட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தேன். பேட்டர்ன் இருக்கிறவரை வார்ப்பு போனதைப் பற்றிக் கவலையில்லை. நூறு முறை ஊற்றலாம். மயிலாவுக்கு இது தெரியாது. கம்பெனியில் எத்தனை மேனேஜர்கள் என்னோடு மோதித் தோற்றார்கள் என்பதும் அவளுக்குத் தெரியாது.

வெளிச்சத்தில் வைத்துத் துடைத்துப் பார்த்தேன். பேட்டர்னிலும் இடது புருவத்தில் அந்த வெட்டு இருக்கிறது. உளி வைத்துச் செய்ததுபோல் சுத்தமாக இருக்கிறது. காற்றுக் குறை மரத்தில் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அக்டோபர் 5, சனி

காலையிலிருந்து நான்கு முறை ராங் நம்பர். ஓர் ஆண் குரல். ஒவ்வொரு முறையும் "மாமா" என்றுதான் ஆரம்பிக்கிறது. எனக்கு மருமகன் யாரும் இல்லை. நான்காவது முறை, "ஒரே ஒருக்கா வந்துட்டுப் போங்க, மாமா. கண்ணத் தொறந்தா உங்களத்தான் கேக்கறா" என்றது. வைத்துவிட்டேன்.

மயிலா மூன்று நாளாக வீட்டுக்கு வரவில்லை. ராகி மாவு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை. பிரெட் தின்றேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

மாத்திரை தீர்ந்துவிட்டது. நம் தெரு மெடிக்கலில் இந்தக் கம்பெனி மாத்திரை இருக்காது. அதனால் அவினாசி ரோட்டில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குள் உள்ள மெடிக்கலுக்குப் போனேன். இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. மெடிக்கல் கீழ்த்தளத்தில் இருக்கிறது. வழி தெரியாமல் மூன்றாவது மாடிக்குப் போய்விட்டேன்.

நடைபாதையில் பெஞ்சில் மயிலா உட்கார்ந்திருந்தாள். மடியில் கேரியர். உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேனே.

அப்போது சக்கர நாற்காலியில் ஒரு பெண்பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். என்னைவிட வயதானவள் மாதிரி இருந்தாள். தலையில் முடி இல்லை. மணிக்கட்டு சுத்தியல் பிடிபோல் இருந்தது. மருந்துக்குப் புருவமும் உதிர்ந்துவிடும்போல. புருவமே இல்லை. இடது கண்ணுக்கு மேல் அந்த வெட்டு மட்டும் வெள்ளையாக இருந்தது. என் பக்கம் பார்த்தாள். கண்ணாடி போடாத கண். யார் என்று தெரிந்திருக்காது. தூண் ஓரமாக நின்றேன்.

மாத்திரை வாங்காமல் வந்துவிட்டேன். வரிசை நீளம்.

அக்டோபர் 10, வியாழன்

நாச்சிமுத்துவின் பவுண்டரிக்குப் போனேன். எங்கள் கம்பெனியில் மண் பதிக்கிற மோல்டிங் பகுதியில் இருந்தவன், இப்போது கணபதியில் சின்னதாகச் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறான். நாளைக்கு ஆயுத பூசை, உலையை அணைத்துவிடுவார்கள். அதற்கு முன் ஊற்றித் தரச் சொல்லியிருந்தேன்.

பேட்டர்னைக் கையில் வாங்கியவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "ஏப்பா திருமூர்த்தி, இது நம்ம கோகிலா தானே?" என்றான்.

"மகாலட்சுமி."

"செரி. இந்த மகாலட்சுமி ஆறு வயசுல என்ற ஊட்டு மரத்துல ஏறி நெல்லிக்கா திருடித் தின்னிருக்குது, உனக்குத் தெரியுமா?"

"ஊத்தறயா, இல்ல வேற பட்டறைக்குப் போகட்டுமா?"

"ஊத்தறேன். மண்ணு பதமாத்தான் இருக்குது. நீயும் கொஞ்சம் பதமா இருந்திருக்கலாம்."

பித்தளை ஆறும்போது மீட்டருக்குப் பதினைந்து மில்லிமீட்டர் சுருங்கும். அதை முன்கூட்டியே கூட்டி வைத்துத்தான் பேட்டர்ன் செய்வோம். அதனால் ஆறிய பிறகு முகம் சரியாக ஒரு சாண் வந்தது. குறை ஒன்றும் இல்லை. வெட்டும் வந்திருந்தது. கைகளும் பாதங்களும் சுத்தமாக வந்தன.

பிசிறு எடுக்க மாடியில் உட்கார்ந்தேன். அரத்தைக் கையில் எடுத்ததும் ஒன்று தோன்றியது. வெட்டு இருப்பதால்தானே மயிலா இப்படிப் பேசுகிறாள்? வெட்டு போய்விட்டால் இது மகாலட்சுமி என்று அவளும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதானே? பிறகு இந்த முகத்துக்கு என்ன செய்தாலும் அது யாரையும் போய்ச் சேராது. புருவத்தைச் சுற்றி அரத்தால் இறக்கி, வெட்டு மறைகிறவரை தேய்த்து, எமரித் தாள் போட்டேன். ஒன்றரை மணி நேரம். இப்போது வழவழப்பாக இருக்கிறது. கோயில் கடையில் விற்கிற அம்மன் மாதிரி இருக்கிறது.

வாதத்தில் ஜெயிக்கத்தான் செய்தேன். வேறு காரணம் இல்லை.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூசை

உளி, இழைப்புளி, அரம், சுருக்க அளவுகோல் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தேன். பொரி, கடலை. முகத்தையும் கைகளையும் பாதங்களையும் பலகையில் முடுக்கி, பலகையைச் சுவரில் ஏற்றினேன். தனியாக ஏற்ற முடியவில்லை. போய்க் கதிரவனைக் கூப்பிட்டேன். வந்தான். அவனைத் திருடனாக்கியதைப் பற்றி அவன் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான்கு நட்டையும் முடுக்கிவிட்டு, "மூஞ்சி முன்னைக்கு மாதிரி இல்லீங்களேய்யா" என்றான். "பொரி எடுத்துக்க" என்றேன்.

மாலை வேறு தெருவில் வாங்கியிருந்தேன். சம்பங்கி. ஸ்டூல் மேல் ஏறினேன். கை எட்டியது. கொஞ்ச நேரம் நின்றேன். தோள்பட்டை வலிப்பதால் இறங்கிவிட்டேன்.

வெட்டு இல்லை, ஒன்றும் இல்லை. போட்டிருக்கலாம். மாலையை ஈரத் துணியில் சுற்றி பிரிட்ஜில் வைத்திருக்கிறேன்.

மதியம் மயிலா வந்தாள், துணி மாற்ற. பலகையைப் பார்த்துச் சண்டைக்கு வருவாள் என்று நாற்காலியை நேராகப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கிட்டே போனாள். கட்டைவிரலால் இடது புருவத்தைத் தடவிப் பார்த்தாள். திரும்பத் தடவினாள்.

"அழிச்சுட்டீங்களா?"

"நீதானே..." என்றேன்.

"அவ ஒடம்புல மாறாம இருக்கறது அது ஒண்ணுதானுங்க" என்றாள். புடவையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்டோபர் 14, திங்கள்

காலை ஒன்பது இருபதுக்கு போன். அதே குரல். இந்த முறை "மாமா" என்று சொல்லிவிட்டு வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் வைக்கவில்லை. இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.

அக்டோபர் 15, செவ்வாய்

ஆத்துப்பாலம் மின்மயானத்தில் நேற்று மாலையே முடித்துவிட்டார்கள். பூபதி ஓசூரிலிருந்து நேராக அங்கே போனான். என்னைக் கூட்டிப்போகக் கார் அனுப்பினான். டிரைவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பதினோரு வருஷத்துக்கு முன்பே தலை முழுகியாயிற்று. ஒருவருக்கு இரண்டு முறை முழுகுவது வழக்கம் இல்லை.

இரவு மயிலாவும் பூபதியும் வந்தபோது தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. காலையில் நிறைந்திருந்த தொட்டி. "எப்படிப்பா தீர்ந்துச்சு?" என்று பூபதி கேட்டான். குழாய் ஒழுகுகிறது, பிளம்பரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மயிலா கொடியில் சொட்டிக்கொண்டிருந்த என் வேட்டிகளைப் பார்த்தாள்.

அக்டோபர் 16, புதன்

சளி. காய்ச்சல் நூறு. மயிலா கஞ்சி வைத்தாள். மிளகு போடாத ரசம்.

பிரிட்ஜில் சம்பங்கி இன்னும் இருக்கிறது. ஓரம் பழுத்துவிட்டது. எடுத்து எறியலாமா என்று அவள் கேட்டாள். பேசுவதில்லை என்ற முடிவை மறந்து, "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 18, வெள்ளி

நடந்ததை எல்லாம் மறுபடி படித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் அநியாயம் நடந்தது என்று எழுதியிருக்கிறேன். அதை அடிக்கப் போவதில்லை. அநியாயம் நடந்தது. யார் செய்தது என்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருக்க வேண்டும்.

உளி பிடிக்க இன்னும் எத்தனை நாள் முடியும் என்று தெரியவில்லை. அதனால் இனி நடக்க வேண்டியதை ஆள் பெயரோடு எழுதி வைக்கிறேன். இதில் பேச்சுக்கு இடமில்லை.

நாச்சிமுத்து: அரம் போட்ட முகத்தை உருக்கிவிட வேண்டும். அதே பித்தளையில், அதே பேட்டர்னில், முகத்தை மறுபடி ஊற்ற வேண்டும். பிசிறு எடுக்கும்போது இடது புருவத்தின் பக்கம் அரம் போகக் கூடாது, எமரித் தாள்கூடப் படக் கூடாது. கைகள் நான்கு வேண்டாம். இரண்டு போதும்.

நான்: மேலிரண்டு கைகள் இருந்த குழியைத் தேக்குத் துண்டு வைத்து அடைக்க வேண்டும். யானைகள் இருக்கட்டும். அவளுக்கு யானை பிடிக்கும்.

கதிரவன்: போல்ட்டுகளைப் பிடுங்கி ஒன்றரை அடி கீழே இறக்கிப் பதிக்க வேண்டும். மயிலாவுக்கு ஸ்டூல் இல்லாமல் முகம் எட்ட வேண்டும். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பூபதி சொல்கிறான். கேட்க மாட்டேன். மாடிப்படி வேலையை அவனுக்கே கொடுத்திருக்கிறேன்.

பூபதி: பேட்டர்னை என் காலத்துக்குப் பிறகு ஓசூருக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை வேப்பிலை மாற்ற வேண்டும். அரசமரத்தடியில் வைக்கக் கூடாது.

மயிலா: பதினாறாம் நாள் மாப்பிள்ளை ராஜரத்தினத்தை இந்த வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட வேண்டும். வரமாட்டேன் என்பார். மறுபடி கூப்பிட வேண்டும். அவர் வந்தால் நான் உள்ளறைக்குப் போக மாட்டேன் என்று சொல்லலாம்.

ராசாமணி: நவம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மாலை கட்டி வைக்க வேண்டும். மயிலா தடுக்க மாட்டாள். கேட்டுவிட்டேன்.

நான்: மாலையைப் போட வேண்டும். இனிப் போடலாம்.